ஒரு மாதிரிக் கல்யாணம்

தென்காசியில் அருவி ஆபீஸ் என்று ஒன்று புதிதாக வந்திருந்த காலம் அது. 'குற்றாலம் அருவிகள் நீராடல் ஒழுங்குமுறைத் தனி அலுவலகம்' என்பது அதன் முழுப்பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால், 'அலுவலகம்' என்பதில் பாதி பக்கத்து ஜவுளிக்கடை மாடியில் தொங்கியது. அருவி குற்றாலத்தில் விழும்போது ஆபீஸ் எதற்குத் தென்காசியில் என்று சிலர் கேட்டார்கள். அருவிக்குப் பக்கத்தில் வைத்தால் காகிதம் நனைந்துவிடும் என்று ஆபீஸ் பதில் சொன்னது.

தினமும் காலையில் மதராஸுக்கு 'அருவி விழுகிறது' என்று தந்தி கொடுப்பது அந்த ஆபீஸின் தலையாய கடமை. கோடையில் பாறை காய்ந்து கிடக்கும் நாட்களில் 'அருவி விழ ஆயத்தமாக இருக்கிறது' என்று தந்தி போகும். விழவில்லை என்று ஒரு நாளும் போனதில்லை. போனால், அப்புறம் ஆபீஸ் எதற்கு என்ற கேள்வி வந்துவிடும்.

மிச்ச நேரத்தில் குளிப்பதற்கான விதிகளை வகுத்தார்கள். எந்தத் தோளை முதலில் தண்ணீருக்குக் காட்டுவது, எண்ணெய் தேய்த்தவர் தேய்க்காதவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, அருவிக்குள் நிற்கும்போது உயர் அதிகாரி எதிர்ப்பட்டால் கும்பிட வேண்டுமா, இரண்டு கையாலும் கும்பிடும்போது துண்டு நழுவினால் அது மரியாதையில் சேருமா ஒழுங்கீனத்தில் சேருமா என்பதெல்லாம் அதில் உண்டு. வகுத்தவர் ஸ்பெஷல் ஆபீசர் பரமசிவன். அவர் அருவியில் குளித்ததே கிடையாது. சளி உடம்பு. வீட்டில் வெந்நீர்தான்.

இந்த விதிகளை டைப் அடித்தவள் சண்முகசுந்தரி. டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறியவள், அந்த ஆபீஸில் ஒரே பெண். அவளுடைய அப்பா நமசிவாயம் கோயில் கட்டளை ஒன்றைக் கவனித்துவந்தார். மகளுக்கு உத்தியோகம் கிடைத்த நாளிலிருந்து ரத வீதியில் நடக்கும்போது அவருடைய முதுகு நிமிர்ந்துவிட்டது. யாராவது, "அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று கேட்டால், "எம் மவ கவுர்மெண்டுல இருக்கால்லா" என்பதுதான் பதில்.

ஆபீஸுக்கு நேர் கீழே வீரபாகுவின் கலர் கடை. கலர் என்றால் கோலி சோடா, ஜிஞ்சர், பன்னீர் எல்லாம் சேர்த்துத்தான். வீரபாகு கீழப்பாவூர்க்காரன். மாடியில் டைப்ரைட்டர் ஒரு வரியை முடித்து 'டிங்' என்று மணியடிக்கும்போது, கீழே அவன் ஒரு சோடாவை 'டப்' என்று உடைப்பான். முதலில் அது தற்செயலாகத்தான் நடந்தது. அப்புறம் அவன் மணிக்காகக் காத்திருந்து உடைக்க ஆரம்பித்தான். அவளும் 'டப்' சத்தத்தை அடிக்கடி கேட்கலாமே என்று வரிகளைச் சின்னதாக்கிக்கொண்டே போனாள். சர்க்குலர்களில் இருபுறமும் ஓரம் அகலமாகி, நடுவில் எழுத்து ஒரு வாய்க்கால் போல இறங்கியது. "நிர்வாகத்தில் ஓர் அழகு வந்துவிட்டது" என்று பரமசிவன் பாராட்டினார். கீழே சோடா வாங்கக் கூட்டம் இருக்கிறதோ இல்லையோ, உடைத்தவற்றைக் குடித்துக் குடித்து வீரபாகுவுக்கு ஏப்பம் நிற்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரிந்தது. தூரத்து உறவு, பொருத்தமும் இருந்தது. வீரபாகுவின் அம்மா சொக்கம்மாள் வந்து பெண் பார்த்தாள். சுந்தரியை நடக்கச் சொன்னாள், பாடச் சொன்னாள், சடை நிஜமா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் பிடித்துப்போன பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"தாலி ஏறுத அன்னைக்கே வேலைய விட்டுரணும். எம் மருமவ ஆம்பளையளுக்கு நடுவுல போயி கொட்டுக் கொட்டுன்னு தட்டிக்கிட்டு இருக்கது எனக்குச் சரிப்படாது."

"வேலைய விடுததா இருந்தா கல்யாணமே வேண்டாம்" என்றார் நமசிவாயம்.

"ஆனிக்குள்ள முடிவு சொல்லுங்க. ஆனி தப்புச்சுன்னா சிவகிரியில எங்கண்ணன் மவ இருக்கா."

சுந்தரிக்கு வீரபாகுவும் வேண்டும், டைப்ரைட்டரும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்று யார் விதி வகுத்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. நமசிவாயம் ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தை முதலில் குறித்துவைப்போம், வேலை விஷயத்தைப் பொறவு பார்த்துக்கொள்வோம் என்றார். சொக்கம்மாளும், தாலி ஏறிய பொறவு மருமகள் தன் சொல்படிதானே என்று சம்மதித்தாள். சுந்தரி லீவு கேட்கப் போனாள்.

"கல்யாணத்துக்கு லீவா?" என்றார் சூப்பரிண்டெண்ட் வேல்சாமி. "லீவு இருக்கட்டும். மொதல்ல கல்யாணத்துக்கு பர்மிஷன் வாங்கிட்டியாம்மா?"

"ரெண்டு வீட்டுலயும் சம்மதிச்சாச்சு சார்."

"வீடு சம்மதிச்சா ஆச்சா? துறை சம்மதிக்க வேண்டாமா?"

பீரோவிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். பெண் ஊழியர் மணம் புரிய உத்தேசித்தால், கணவராக வரவிருப்பவர் அரசுப் பணிக்கு இடையூறு விளைவிக்காதவர் என்பதில் துறை நேரில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும். அந்த விதியை டைப் அடித்ததும் சுந்தரிதான். அடிக்கும்போது அவளுடைய காது கீழே சோடாக் கடையில் இருந்ததால் பொருள் மண்டையில் ஏறவில்லை.

"நேரில பாக்கணும்னா அவுக கீழதானே சார் இருக்காக. ஜன்னல் வழியாப் பாருங்க."

"ஜன்னல் வழியாப் பாத்தா அதுக்குப் பேரு எட்டிப் பாக்கது. ஜீப்ல போயி பாத்தாத்தாம்மா ஆய்வு."

மறு வாரம் ஜீப் கீழப்பாவூருக்குப் புறப்பட்டது. முன்னால் பரமசிவன், பின்னால் வேல்சாமி, குறிப்பெடுக்கச் சுந்தரி. ஆய்வுக்கு உட்படுபவரை ஆய்வு வாகனத்தில் ஏற்றக் கூடாது என்பதால், வீரபாகு கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் ஜீப்பை முந்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. தான் வீட்டில் இருந்தால்தானே தன்னைப் பார்க்க முடியும் என்று வழியெல்லாம் மிதித்தான். ஜீப் பாவூர்சத்திரத்தில் மக்கர் செய்ததால் பிழைத்தான்.

சொக்கம்மாள் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்து வைத்திருந்தாள்.

"அம்மா, நாங்கள் விருந்தினராக வரவில்லை" என்று பரமசிவன் எழுந்து நின்று ஆரம்பித்தார். "அரசாங்கமாகவே வந்திருக்கிறோம். தனிப்பட்ட முறையில் எனக்குப் பசி கிடையாது. ஆனால் ஊழியரின் புகுந்த வீட்டு உணவு அவருடைய வேலைத் திறனைப் பாதிக்குமா என்று பார்ப்பது என் கடமை. இன்னும் கொஞ்சம் கேசரி வையுங்கள்."

மூன்றாவது முறை கடமையாற்றிய பின் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பையனை வரச் சொல்லுங்கள்."

வீரபாகு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான்.

"கொஞ்சம் நடக்கட்டும்."

நடந்தான்.

"வேகம் போதாது. மனைவி ஆபீஸுக்குப் போகும்போது பஸ்ஸுக்குக் கூட ஓடிப்போய் இடம் பிடிக்க வேண்டும். பாடத் தெரியுமா?"

"எதுக்குங்கய்யா?"

"ஊழியர் களைத்து வீடு திரும்பும்போது வீட்டில் இனிய சூழல் நிலவ வேண்டும் அல்லவா?"

வீரபாகுவுக்குத் தெரிந்தது ஒரே பாட்டுதான். கண்ணை மூடிக்கொண்டு, "கலரே... சோடா... ஜிஞ்சர்... பன்னீரே..." என்று இழுத்தான். பரமசிவன் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "என்ன ராகம்?" என்றார். "வியாபார ராகம் சார்" என்றார் வேல்சாமி.

"பால் காய்ச்சு. பொங்க விடாமல் இறக்குகிறாயா என்று பார்க்கிறோம்" என்றார் பரமசிவன்.

அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த சொக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "என்னய்யா இது, நடக்கச் சொல்லுதீய, பாடச் சொல்லுதீய, அடுப்படிக்குப் போகச் சொல்லுதீய? எம் மவன் என்ன சந்தைக்கு வந்த மாடா? ஒரு புள்ளைய நடுவீட்டுல நிறுத்தி வச்சு இப்படியா கேவலப்படுத்துவாக?"

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சுந்தரி தலையை நிமிர்த்தினாள். அவளுடைய வலது கை தன்னால் பின்னால் போய்ச் சடையைத் தொட்டது. சொக்கம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள், "பாலு நானே காய்ச்சுதேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"திருப்தி" என்று பரமசிவன் அறிவித்தார். "ஆனால் முழுத் திருப்தி இல்லை. முழுத் திருப்தி அடையும் அதிகாரம் டைரக்டருக்கு மட்டுமே உண்டு."

டைரக்டர் வல்லிநாயகம் மதராஸில் இருந்தார். மதராஸில் வெயில் ஏற ஏற, குற்றாலத்தில் அவர் நேரில் பார்த்தே தீர வேண்டிய விஷயங்களும் ஏறிக்கொண்டே போகும். அந்த ஆனியில் சாரல் நன்றாகப் பிடித்த சேதி கேட்டதும், ஓர் ஊழியரின் திருமணம் தேங்கிக் கிடப்பது அவர் மனத்தை உறுத்தத் தொடங்கியது. ஒரு வேன் நிறையப் புறப்பட்டு வந்தார். மனைவி உலகம்மாள், மாமியார், மைத்துனர்கள், மைத்துனர்களின் பிள்ளைகள் எல்லாருமாகக் குற்றாலம் பங்களாவில் இறங்கினார்கள். இதற்கு 'முகாம்' என்று பெயர்.

முகாம் நடக்கும் நாட்களில் அருவி ஆபீஸ் முழுவதும் எண்ணெய்க் கிண்ணமும் துண்டுமாக அலைந்தது. சுந்தரி டைப்ரைட்டரோடு பங்களாவுக்கு அனுப்பப்பட்டாள். 'டைரக்டரின் மாமியார் நீராடும் வேளையில் பெரிய அருவி மெதுவாக விழ ஆவன செய்க' என்று ஓர் உத்தரவை அவள் டைப் அடித்தாள். பரமசிவன் அதை வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். கடைசியில் மாமியாரை ஐந்தருவியில் ஓர் ஓரத்தில் உட்காரவைத்து, இதுதான் மெதுவாக்கப்பட்ட பெரிய அருவி என்று சொல்லிச் சமாளித்தார்.

ஒரு காலையில் வீரபாகுவுக்குப் பொறுமைச் சோதனை நடந்தது. அதைப் பற்றி டைரக்டர் எல்லாரையும் பாறையில் நிற்கவைத்து விளக்கினார்.

"உத்தியோகம் பார்க்கும் மனைவி சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆபீஸ் கதையெல்லாம் கொட்டுவாள். கணவன் தாங்க வேண்டும். நான் என் மனைவியிடம் கொட்டுகிறேன், அவள் தாங்குகிறாள். முப்பது வருஷமாக அவள் பதில் பேசியதில்லை. அதுதான் குடும்பம். ஆகவே இவனை அருவிக்குள் நிறுத்துங்கள்."

வீரபாகுவைப் பெரிய அருவியின் நட்டநடுவில் நிறுத்தினார்கள். சீசன் தண்ணீர் அவன் தலையில் மொத்தென்று விழுந்தது. தொலைவில் குடை பிடித்தபடி டைரக்டர் கேள்வி கேட்டார்.

"மனைவி தாமதமாக வந்தால் கோபிப்பாயா?"

"என்னங்கய்யா?" என்று அருவிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"கேட்கவில்லையாம். கோபிக்க மாட்டான் என்று எழுதிக்கொள். மனைவியை வேலையை விடச் சொல்வாயா?"

"சத்தமாச் சொல்லுங்கய்யா!"

"அவள் சத்தமாகப் பேசினாலும் ஆட்சேபம் இல்லை என்கிறான். நல்ல பையன்."

சோதனை முடிந்தபோது வீரபாகு நீலம் பாரித்திருந்தான். பாறை ஓரத்தில் துண்டோடு காத்திருந்த சொக்கம்மாள் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே டைரக்டரை முறைத்தாள். "இவனுவளுக்கு நல்ல புத்தியே வராதா?" என்று சுந்தரியின் காதில் சொன்னாள். சுந்தரியிடம் அவள் ரகசியம் பேசியது அதுவே முதல் தடவை.

டைரக்டர் பங்களாவுக்குத் திரும்பி, மங்குஸ்தான் பழம் தின்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"பையன் சரி. ஆனால் கல்யாணம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் கல்யாணத்துக்கு எப்படி அனுமதி கொடுப்பது? விவசாயத்துக்கு மாதிரிப் பண்ணை வைக்கிறோம். எருவுக்கு மாதிரிக் குழி வெட்டுகிறோம். அதைப் போல முதலில் ஒரு மாதிரித் திருமணம் நடக்கட்டும். துறையின் மேற்பார்வையில், எல்லாச் சடங்குகளோடும். அதனால் அரசுப் பணி பாதிக்கப்படுகிறதா என்று பார்ப்போம். அறிக்கை மதராஸுக்குப் போகும். அதைப் பரிசீலித்து, அடுத்த வருஷம் சீசனில் உண்மைத் திருமணத்துக்கு அனுமதி தருவதைப் பற்றி யோசிக்கலாம்."

"அடுத்த வருசமா?" என்றாள் சுந்தரி.

"அதற்கும் நான் நேரில் வர வேண்டியிருக்கும்" என்றார் டைரக்டர் வருத்தத்தோடு.

அன்று சாயங்காலம் கலர் கடையில் சுந்தரி மர ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். வீரபாகு ஒரு ஜிஞ்சரை உடைத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நாளைக்கே வேலைய விட்டுருதேன். உங்க அம்மா கேட்டதும் அதைத்தானே?"

"நீ வேலைய விட்டா எங்க அம்மா செயிச்சிருவா. கல்யாணத்த விட்டா உங்க அப்பா செயிச்சிருவாரு. ஒண்ணும் பண்ணாம இருந்தா அந்த டைரக்டரு செயிச்சிருவாரு. நீ எப்பட்டி செயிக்கப் போற?"

"உங்களுக்கு வெளையாட்டா இருக்கு."

"வெளையாட்டு இல்ல. நீ மாடியில இல்லாத பத்து நாளா நான் ஒரு சோடாவும் ஒழுங்கா போடல. கேஸ் கூடிப்போயி பாட்டில் வெடிக்கு. நீ தட்டுத சத்தம் எனக்கு வேணும். நீயும் வேணும். ரெண்டுல ஒண்ணப் பிடின்னு என்னால சொல்ல முடியாது."

சுந்தரி மூக்கைத் துடைத்தாள். ஜிஞ்சரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாதிரிக் கல்யாணத்துக்கு மேளம் உண்டா?"

"எல்லாச் சடங்கும்னுதானே சொன்னாரு."

"அய்யரு?"

"உண்டு."

"அக்கினி?"

"ஆமா."

"தேதிய நான்தானே டைப் அடிக்கணும்? நம்ம ஆனி முகூர்த்தத்தையே போட்டுருதேன். மேளம் மாதிரி மேளமா இருக்கட்டும். அய்யரு மாதிரி அய்யரா இருக்கட்டும். முடிச்சு மூணும் எங்கழுத்துலதானே விழும்? அது எப்படி மாதிரி முடிச்சாகும்?"

வீரபாகு அவளைப் பார்த்தான். பிறகு அடுக்கில் இருந்த கலரையெல்லாம் ஒவ்வொன்றாக உடைக்க ஆரம்பித்தான். டப், டப், டப் என்று சத்தம் கேட்டு ஜவுளிக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

நமசிவாயத்துக்கு விஷயத்தைப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. "கவுர்மெண்டே முன்ன நின்னு நடத்துதா? அப்ப சரி" என்றார். ரத வீதியில் அவருடைய முதுகு இன்னும் ஒரு சுற்று நிமிர்ந்தது. எல்லாரும் பயந்தது சொக்கம்மாளுக்குத்தான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நடத்துங்க. ஆனா எனக்கு ஒரு கண்டிசன்."

சொக்கம்மாள் சுந்தரியின் பக்கம் திரும்பினாள்.

"நீ அந்த வேலைய விடப்படாது. எம் புள்ளைய அருவியில நிறுத்தி நடுங்க வச்ச பயலுவ. அவனுவ கண்ணு முன்னால தெனமும் நீ தாலியோட போயி உக்காரணும். பாத்துப் பாத்து அவனுவ வயிறு எரியணும். சமையல நான் பாத்துக்கிடுதேன்."

மாதிரித் திருமணம் குற்றாலம் பங்களா முற்றத்தில் நடந்தது. சாரல் பந்தலுக்குள் புகுந்து எல்லார் தலையிலும் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது. சொக்கம்மாள் தாலி கொண்டுவந்திருந்தாள். அதை வேல்சாமி வாசலிலேயே தடுத்துவிட்டார்.

"வெளிப் பொருளு அனுமதி இல்லம்மா. மாதிரிக்கு வேண்டிய சாமானெல்லாம் துறையே வாங்கணும்னு உத்தரவு. தாலியும் வாங்கியாச்சு. ஸ்டோர்ல ஏத்தியாச்சு."

"சர்க்காரு தங்கமா?" என்று சொக்கம்மாள் வாங்கிப் பார்த்தாள். "கெட்டியாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தான் கொண்டுவந்ததை இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

நாயனக்காரர் நாயனத்தை வாயில் வைத்ததும் டைரக்டர் கையை உயர்த்தினார். ஒவ்வொரு சடங்கையும் அவர் பார்வையிட்டு 'திருப்தி' என்று சொன்ன பிறகே அடுத்தது நடக்க வேண்டும். பரமசிவன் ஹோமப் புகை எந்தத் திசையில் போகிறது என்று கவனித்தார். புகை அவர் பக்கமே போனதால், கண்ணீர் வழிய 'திருப்தி' என்றார். கெட்டிமேளத்துக்கு யார் உத்தரவு கொடுப்பது என்பதில் வேல்சாமிக்கும் பரமசிவனுக்கும் ஒரு தகராறு எழுந்து, இருவரும் ஒரே சமயத்தில் கையைக் காட்ட, மேளம் இரண்டு பங்கு சத்தத்தில் முழங்கியது.

வீரபாகு தாலியைக் கையில் எடுத்தான். சுந்தரி தலையைக் குனிந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து தோள் குலுங்கியது.

"முதல் முடிச்சு... திருப்தி" என்றார் டைரக்டர் குனிந்து பார்த்து. "இரண்டாவது... கொஞ்சம் இறுக்கு. திருப்தி. மூன்றாவது... மிகவும் திருப்தி!"

துறை முழுவதும் அட்சதை போட்டது. உலகம்மாள் மட்டும் போட மறந்து, மணப்பெண்ணின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே வந்து, "ஏம்மா, நிசமாத்தான?" என்று கேட்டாள். சுந்தரி தலையை ஆட்டினாள். உலகம்மாள் கை நிறைய அள்ளி இருவர் தலையிலும் கொட்டினாள்.

சாப்பாட்டுக்கு முன் டைரக்டர் பேசினார். "இது வெறும் மாதிரி. இதைப் பார்த்து யாரும் உண்மை என்று மயங்கிவிடக் கூடாது. உண்மையைவிட மாதிரி சிறப்பாக அமைந்தால் அது துறையின் வெற்றி. நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து உண்மையாக எதையும் செய்ததில்லை. எல்லாமே மாதிரிதான். ஒன்றாவது தோற்றதுண்டா?"

எல்லாரும் கைதட்டினார்கள். நமசிவாயம் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

மறுநாள் காலையில் சுந்தரி மஞ்சள் கயிறு பளபளக்க ஆபீஸுக்கு வந்தாள். லீவு போடவில்லை. கல்யாணம் ஆகாதவளுக்குக் கல்யாண லீவு எப்படிக் கிடைக்கும்? உறை நீக்கி டைப்ரைட்டரைத் துடைத்தாள். வேல்சாமி வந்து பக்கத்தில் நின்று கனைத்தார்.

"அம்மா, மாதிரி முடிஞ்சிருச்சுல்லா. அந்தத் தாலிய ஸ்டோர்ல திருப்பி ஒப்படைச்சிரு."

"கழட்டணுமா சார்?"

"கழட்டாம எப்படி ஒப்படைப்ப? அது சர்க்கார் சாமான்."

"சரி சார். எழுத்து மூலமா உத்தரவு குடுங்க."

"நான் குடுக்கவா?" என்று வேல்சாமி ஓர் அடி பின்வாங்கினார். "எனக்கு அந்த அதிகாரம் கெடையாது. ஆபீசரத்தான் கேக்கணும்."

பரமசிவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தார். தாலியைக் கழற்று என்று சொல்வதில் நிர்வாக ரீதியாகத் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் தனக்குச் சளி பிடித்திருக்கிறது, டைரக்டர் மதராஸுக்குக் கிளம்புகிற வழியில் இங்கே வருவார், அவர் சொல்லட்டும் என்றார்.

மத்தியானம் வேன் வந்து கீழே நின்றது. டைரக்டர் மாடியேறி வந்து நாற்காலியில் அமர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும், "இதற்கு என்ன தயக்கம்? அரசுச் சொத்து அரசுக்குத் திரும்ப வேண்டும். உத்தரவைத் தயார் செய்யுங்கள்" என்றார்.

"நானே அடிச்சுத் தாரேன் சார்" என்றாள் சுந்தரி.

அவள் உட்கார்ந்து அடித்தாள். விரல் ஒருமுறைகூடத் தடுக்கவில்லை. 'செல்வி சண்முகசுந்தரி அவர்கள் தமது கழுத்தில் உள்ள தாலியை உடனே கழற்றி, வேல்சாமி முன்னிலையில் ஒப்படைக்குமாறு இதன்மூலம் உத்தரவிடப்படுகிறது.' ஒரு பிழை இல்லை, ஓர் அடித்தல் இல்லை. காகிதத்தை உருவி டைரக்டர் முன்னால் வைத்து, பேனா மூடியையும் கழற்றிக் கொடுத்தாள்.

"கையெழுத்து மட்டும் போடுங்க சார்."

டைரக்டர் பேனாவை வாங்கினார். காகிதத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார். அவளுடைய கழுத்தைப் பார்த்தார். மாதிரி முடிச்சுகள் மூன்றும், அவரே பார்வையிட்டு இறுக்கச் சொன்ன முடிச்சுகள், கெட்டியாக இருந்தன. பேனாவைப் பரமசிவனிடம் நீட்டினார். பரமசிவன் தும்மினார். வேல்சாமி எப்போது அறையை விட்டு வெளியே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"என்ன, நேரமாகுது. அங்க மங்குஸ்தான் பழம் நசுங்குது" என்றபடி உலகம்மாள் மாடியேறி வந்தாள். கணவரின் தோளுக்கு மேலாக எட்டி அந்தக் காகிதத்தை வாசித்தாள். நிமிர்ந்தாள்.

"போடுங்க" என்றாள்.

"இல்ல... இது ஆபீஸ் விஷயம்..."

"ஆபீஸ் விஷயந்தான். போடுங்க. போட்டுட்டு, அதே பேனாவால என்னோடதுக்கும் ஒரு உத்தரவு எழுதுங்க. ரெண்டையும் சேத்தே ஸ்டோர்ல குடுத்துட்டு, நான் குத்தாலத்துலயே இருந்துக்கிடுதேன்."

முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் பதில் பேசிவிட்டாள். டைரக்டர் பேனாவை மெல்ல மூடினார். பிறகு திறந்தார். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "வேறு காகிதம் போடும்மா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. சுந்தரி வேறு காகிதம் செருகினாள். அவர் கண்ணை மூடிச் சொல்லச் சொல்ல, அவள் தட்டினாள். வரி முடிந்து மணி அடித்தபோதெல்லாம் கீழே வீரபாகு ஒரு சோடா உடைத்தான்.

'மாதிரித் திருமணம் மறு உத்தரவு வரும்வரை தொடரலாம்.'

டைரக்டர், பரமசிவன், அதற்குள் திரும்பி வந்திருந்த வேல்சாமி என மூன்று பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள்.

சுந்தரிக்கும் வீரபாகுவுக்கும் இப்போது இரண்டு பெண்களும் ஒரு பையனும். மறு உத்தரவு இன்னும் வரவில்லை.